அம்மாவுக்கு ஊசி வாங்கப் போன தம்பி

தென்மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 24 வயது. டூவீலர் மெக்கானிக். அப்பா இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கூட்டாளிகளோடு சேர்ந்து, டாபென்டடால் என்ற வலி மாத்திரையைப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டான். கடன் ஏறியது, பைக் போனது, முழங்கையில் சீழ்க்கட்டி வந்தது. கடைசியில் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் 90 நாள் வைத்திருந்தார்கள். வீடு திரும்பி ஐந்து மாதம் ஒழுங்காக இருந்தான். அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். "அந்த நெனப்பே வரலக்கா" என்று அவனாகவே அடிக்கடி சொன்னான்.

அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். மருந்து வாங்குவது எப்போதும் அக்காதான். "இனி இவனுக்கும் பொறுப்பு வரட்டும்" என்று ஒரு சாயங்காலம் தம்பியிடம் காசைக் கொடுத்து இன்சுலினும் ஊசியும் வாங்கிவர அனுப்பினார்கள். ஏழு மணிக்குப் போனவன் பத்து மணிக்கு மேல் வந்தான். பாக்கெட்டில் ஓர் ஊசி குறைந்தது. மறுநாள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான்: "போட்டதும் வாந்திதான்க்கா வந்துச்சு. ஒரு சந்தோஷமும் இல்ல. ஏன் போட்டேன்னே தெரியல." அதற்கப்புறமும் சில முறை நடந்திருக்கிறது.

சகோதரி கேட்பது இவை. ஐந்து மாதமும் நடித்தானா? பெற்ற தாய்க்கு மருந்து வாங்கப் போன இடத்தில் இப்படிச் செய்ய மனசு எப்படி வந்தது? பழைய இல்லத்துக்காரர்கள் "ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறோம், நாங்களே வண்டி அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம்" என்கிறார்கள், அனுப்பலாமா? அரசு மருத்துவமனை டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தரலாம் என்கிறார், மாமா அதைக் கேட்டுவிட்டு "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று சண்டை போடுகிறார், யார் சொல்வது சரி? திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பலாமா? கல்யாணம் செய்துவைத்தால் திருந்துவானா?

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உயிருக்கான விஷயம்

உங்கள் தம்பி தினமும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இருந்த ஆபத்தைவிட இப்போது இருக்கும் ஆபத்து பெரியது. தினமும் ஓபியாய்டு (டாபென்டடால், ஹெராயின் போன்ற அபின் வகை மருந்து) ஏறிய உடம்பு அந்த அளவைத் தாங்கப் பழகியிருந்தது. நிறுத்திவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி சில வாரங்களிலேயே இறங்கிவிடும். ஆனால் அவனுக்கு ஞாபகம் இருப்பது பழைய அளவுதான். மறுவாழ்வு இல்லத்திலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வந்தவர்கள் முதல் சில வாரங்களிலேயே அளவு மீறி இறந்துபோவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இந்த வகை மருந்துகள் மூச்சை நடத்தும் மூளைத்தண்டை மந்தமாக்குகின்றன. கூடவே மதுவோ, அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, தொண்டையில் கொரகொரவென்று சத்தம், உதடும் நகமும் நீலம், கண்பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்ஸோன் என்ற ஊசி ஓபியாய்டின் பிடியை விடுவித்து மூச்சைத் திருப்பும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே நின்றுபோனால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவது, உப்புக் கரைசலோ மோரோ புகட்டுவது எதுவும் வேண்டாம், மயக்கத்தில் அது நுரையீரலில் இறங்கிவிடும். பாத்ரூம் உள்தாழ்ப்பாளை இப்போதைக்குக் கழற்றிவிடுங்கள். அவன் கோபப்பட்டால் காரணத்தை நேராகவே சொல்லலாம்.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனை. ஊசியைப் பகிர்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியமானது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். 2018 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் அதை இலவசமாகவே தருகிறார்கள்.

ஐந்து மாதமும் நடித்தானா?

இல்லை. "நெனப்பே வரல" என்று அவன் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும். அவன் உணர்ந்ததைத்தான் சொன்னான். அவன் உணராதது ஒன்று உள்ளே நடந்துகொண்டிருந்தது.

டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மைதான். 1990-களில் சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களைத் தனித்தனியாகக் கவனித்தார். குரங்குக்குத் திடீரென்று ஜூஸ் கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. ஜூஸுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு எரிந்தால், சில நாளில் அந்தத் துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. ஜூஸ் வரும்போது செல்கள் சும்மா இருந்தன. "எதிர்பார்த்ததைவிட நல்லது வந்தது, இதற்கு முன்னால் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்" என்று மூளைக்குச் சொல்வதுதான் டோபமைனின் முக்கியமான வேலை.

ஜூஸ் எதிர்பார்த்தபடி வந்தால் பாடம் முடிந்தது. ஓபியாய்டில் அந்தப் பாடம் முடிவதில்லை. டோபமைன் செல்களை அடக்கி வைக்கும் வேறு சில செல்கள் உண்டு. ஓபியாய்டு அவற்றை ஊமையாக்கிவிடுகிறது. அதனால் எத்தனையாவது தடவை போட்டாலும் "எதிர்பார்த்ததைவிட அதிகம்" என்ற செய்திதான் போகிறது, முன்னால் இருந்த எல்லாம் மறுபடி மறுபடி ஆழமாகப் பதிகின்றன. உங்கள் தம்பி விஷயத்தில் முன்னால் இருந்தவை என்ன? மெடிக்கல் ஷாப். சாயங்காலம் ஏழு மணி. பாக்கெட்டில் பணம். ஊசியின் பிளாஸ்டிக் உறையைப் பிய்க்கும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம். ஸ்பிரிட் வாசனை. அத்தனையையும் ஒரே நேரத்தில் அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

உடனே உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பொறுப்பு கொடுத்தால் மனிதன் திருந்துவான் என்று நம்பி, பாசத்தில் செய்தீர்கள். இதைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது அந்த இல்லம். 90 நாள் பணம் வாங்கியவர்கள், வீட்டுக்கு அனுப்பும்போது "இவன் எதைப் பார்த்தால் தடுமாறுவான்" என்று அரைமணிநேரம் உட்கார்ந்து பேசவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

போதையை ஞாபகப்படுத்தும் இந்தக் குறிப்புகள், என்னவென்று நாம் உணரும் முன்பே வேலை செய்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கொக்கெய்ன் நோயாளிகள் 22 பேருக்கு, போதை தொடர்பான படங்களை 33 மில்லிசெகண்ட் மட்டும் காட்டி உடனே வேறு படத்தால் மறைத்தார்கள். அவ்வளவு சிறிய நேரத்தில் என்ன பார்த்தோம் என்றே யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஸ்கேனில் ஆசை தொடர்பான பகுதிகள் விழித்துக்கொண்டன. 2008-இல் வெளியான ஆய்வு இது. "ஏன் போட்டேன்னே தெரியல" என்று அவன் சொன்னதைச் சாக்குப்போக்கு என்று நான் ஒதுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வாந்தி எடுக்கும் அளவுக்குப் பிடிக்காததை ஏன் தேட வேண்டும்? வேண்டும் வேண்டும் என்று இழுப்பது மூளையில் ஒரு நரம்புச் சுற்று, அனுபவிக்கும்போது நன்றாக இருக்கிறது என்று உணர்வது வேறொரு சுற்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993-இல் முன்வைத்த கருத்து இது. போதைப் பழக்கத்தில் இழுப்பு ஏறிக்கொண்டே போகும், இன்பம் குறைந்துகொண்டே வரும். என்னிடம் வரும் பலர் இதைத்தான் அவரவர் பாஷையில் சொல்கிறார்கள்.

இனி நீங்கள் மிகவும் தவறாக எடுத்துக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். "90 நாளில் உடம்பு சுத்தமாகிவிட்டது, ஐந்து மாதம் தாண்டியும்விட்டது, இனி நாள் ஆக ஆக ஆசை குறையத்தானே வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான எண்ணம்தான், ஆனால் மூளை அப்படி நடந்துகொள்வதில்லை. 2001-இல் நேச்சர் இதழில் ஒரு எலி ஆய்வு வந்தது. நெம்புகோலை அழுத்தினால் விளக்கும் எரியும், கொக்கெய்னும் கிடைக்கும் என்று எலிகள் கற்றிருந்தன. பிறகு மருந்தை நிறுத்திவிட்டு, வெவ்வேறு நாட்களில் விளக்கை மட்டும் காட்டிப் பார்த்தார்கள். நிறுத்திய முதல் நாட்களில் அழுத்தியதைவிட இரண்டு மாதம் கழித்து அதிகமாக அழுத்தின. மருந்தில்லாத காலத்தில் ஆசை குறையவில்லை, அடைகாத்து வளர்ந்திருக்கிறது. ஹெராயின், மது, நிக்கோடின் ஆகியவற்றிலும் எலிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். என்றென்றைக்கும் ஏறிக்கொண்டே போவதில்லை. ஓர் உச்சம் போய்ப் பிறகு இறங்கும்.

மனிதர்களிடம் செய்த ஓர் ஆய்வு இன்னும் பொருத்தமானது. 2016-இல் நியூயார்க் குழு ஒன்று, கொக்கெய்னை நிறுத்தி இரண்டு நாள் ஆனவர்களில் தொடங்கி ஒரு வருடம் ஆனவர்கள் வரை வெவ்வேறு கட்டத்தில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தது. "ஆசை எவ்வளவு இருக்கிறது?" என்று வாயால் கேட்டபோது, நாள் அதிகமானவர்கள் குறைவாகச் சொன்னார்கள். ஆனால் போதைப் படங்களைக் காட்டியபோது மூளை அலை அதிகமாக எழுந்தது ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை நிறுத்தியிருந்தவர்களிடம்தான். கொக்கெய்ன் வேறு, ஓபியாய்டு வேறு, நாள் கணக்கை அப்படியே உங்கள் தம்பி மேல் பொருத்த முடியாது. ஆனாலும் மனசாட்சிப்படி "ஆசை இல்லை" என்று சொல்லும் ஒருவனின் மூளை உள்ளே விழிப்பாகவே இருக்க முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நீங்கள் நடிப்பு என்று நினைத்த அந்த ஐந்து மாதம் இந்தக் கட்டத்துக்குள்தான் வருகிறது.

"அப்போ அவன் மேல தப்பே இல்லையா?"

உங்கள் கணவர் இப்படித்தான் கேட்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது. மூளை இழுக்கிறது என்பது காரணம், அனுமதி இல்லை. இழுப்பை நிறுத்திப் பிடிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. தூக்கம் கெட்டால், பசியில் இருந்தால், வீட்டில் சண்டை நடந்தால் அந்தப் பிடி தளரும். மன அழுத்தமே தனியாக ஒருவரை மறுபடி போதையைத் தேட வைக்கும். குறிப்பு எதுவும் கண்ணில் படாவிட்டாலும் நடக்கும். ஒரே ஒரு தடவை போட்டுக்கொள்வதும் அப்படித்தான், அதுவே அடுத்ததைக் கூப்பிடும்.

அந்த இழுப்பு வந்தது அவன் தேர்வு இல்லை. ஆனால் இழுப்பு வரும் என்று இப்போது தெரிந்துவிட்ட பிறகு சிகிச்சைக்கு வருவதும் வராததும் அவன் பொறுப்புதான். அவனிடம் கேட்க வேண்டிய கணக்கு அதுதான். "அம்மா மேல் பாசம் இருந்தால் விட்டிருப்பாய்" என்று சொல்லாதீர்கள். பாசம் இருக்கிறது என்பதால்தான் மறுநாள் அழுதான். "சத்தியத்தையே மீறிட்டேன், இனி என்ன இருக்கு" என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சியாக மாறிவிடும். சத்தியம் வாங்கும் வழக்கத்தை நான் ஆதரிக்காததற்கு இதுதான் காரணம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

டாக்டர் சொன்னது புப்ரினார்ஃபின். மாமாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அதுவும் ஓபியாய்டு வகைதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மற்ற ஓபியாய்டுகள் முழுதாகத் திறக்கும் மூளைப் பூட்டை அது பாதி அளவுக்கே திறக்கிறது. ஓர் அளவுக்கு மேல் கொடுத்தாலும் வேலை கூடுவதில்லை, அதனால் மூச்சு நிற்கும் ஆபத்தும் குறைவு. கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் மேலே டாபென்டடால் போட்டாலும் பெரிதாக ஏறாது. மெதுவாக இறங்குவதால் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் நாள் போகும். காலையில் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட்டு, ஒன்பது மணிக்கு ஸ்பேனரைப் பிடிக்கலாம். போதையில் இருப்பவன் அதைச் செய்ய முடியாது.

2017-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, புப்ரினார்ஃபின் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரண விகிதம், சிகிச்சைக்கு வெளியே இருக்கும் காலத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு என்று காட்டியது. இத்தனைக்குப் பிறகும் நம் ஊரில் "மருந்தே இல்லாமல் மனசால் விட வேண்டும்" என்பதை ஒரு பெருமையாகப் பேசுகிறார்கள். உங்கள் அம்மா பத்து வருடமாக இன்சுலின் போடுகிறார், அவரை யாரும் இன்சுலினுக்கு அடிமை என்று சொல்வதில்லை. நிறுத்தினால் சர்க்கரை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். போதை நோயில் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி சறுக்குபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்று 2000-இல் வந்த ஒரு முக்கியமான கட்டுரை கணக்கிட்டது. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளிடம் அறிகுறி திரும்புவது 50 முதல் 70 சதவீதம் என்பதையும் அதே கட்டுரை பக்கத்தில் வைத்துக் காட்டியது.

சில எச்சரிக்கைகள். கடைசியாகப் போட்டதற்கும் முதல் புப்ரினார்ஃபினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். உடம்பு வலி, கொட்டாவி, மூக்கொழுகல் எல்லாம் தொடங்கிய பிறகுதான் ஆரம்பிப்பார்கள். முன்னதாகக் கொடுத்தால் அந்த உபாதைகள் ஒரேயடியாகப் பொங்கி எழும். ஆகவே வீட்டில் யாரும் தாமாகத் தொடங்கிப் பார்க்கக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்காக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடக்கும் மையங்களில் பெரும்பாலும் தினமும் நேரில் போய்ப் பணியாளர் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அது ஆரம்பத்தில் தொந்தரவாக இருக்கும், ஆனால் அந்தத் தினசரிப் பழக்கமே பலரைக் காப்பாற்றுகிறது. எத்தனை நாள் என்று கேட்பீர்கள். மாதக் கணக்கில் யோசிக்காதீர்கள், வருடக் கணக்கில் யோசியுங்கள். குறைப்பதை அவனும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். மாமா முடிவு செய்ய வேண்டாம்.

நால்ட்ரெக்ஸோன் என்று இன்னொரு வழி உண்டு. அது போதையே தராது, பூட்டை அடைத்து வைக்கும். ஆனால் ஒரு வாரம், பத்து நாள் ஓபியாய்டே இல்லாமல் இருந்த பிறகுதான் தொடங்க முடியும். மாத்திரையைத் தினமும் விழுங்க வைக்க ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். உங்கள் தம்பி இப்போது இருக்கும் நிலையில் முதல் தேர்வாக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வண்டி வைத்துத் தூக்குவது

அனுப்பாதீர்கள். மருத்துவக் காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன். மருந்தில்லாமல் ஒரு வருடம் பூட்டி வைத்துவிட்டு அதே தெருவில் இறக்கிவிட்டால், அதே கடை, அதே ஏழு மணி, ஆனால் தாங்கும் சக்தி துளியும் இல்லாத உடம்பு.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் தொடர்பான மனநலப் பிரச்சினைகளையும் சேர்த்தே பேசுகிறது. ஒருவர் சம்மதிக்காமல் சேர்க்க வேண்டுமானால், நியமிக்கப்பட்ட பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநலப் பணியாளர் அல்லது மருத்துவர். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை இருந்தால்தான் அனுமதி. 89-ஆவது பிரிவின்படி முதல் தடவை அதிகபட்சம் 30 நாள். அந்த இடம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவதைச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது, வீட்டாரோடு போனில் பேசும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. முதல் தடவை 90 நாளும் உங்களைப் பேச விடவில்லை, அவன் முதுகில் தழும்பு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மனநல மறுஆய்வு வாரியத்தில் புகாராகத் தரலாம். உள்நோயாளியாகச் சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. புப்ரினார்ஃபின் தொடங்க ஒரு வாரம், பத்து நாள் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் அவன் சம்மதத்தோடு தங்குவது நல்லதே.

அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வருமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். சிகிச்சைத் தகவல் ரகசியமானது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்குக்கு ஆளானவர்கூடத் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு போகலாம். டாக்டர் சீட்டில்லாமல் அந்த மாத்திரையை விற்ற கடையைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் நீங்கள் புகார் தரலாம். தம்பியைச் சாட்சியாக முன்னால் நிறுத்தாதீர்கள்.

திருப்பூரும் வீடும்

இடம் மாற்றுவதில் உண்மை இருக்கிறது. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்ட அமெரிக்கச் சிப்பாய்களை 1971-இல் ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போதையைக் கற்ற இடம், ஆட்கள், பயம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டன. ஆனால் அவர்கள் மறுபடி வியட்நாமுக்குப் போகவில்லை. உங்கள் தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வருவான், பொங்கலுக்கும் வருவான். திருப்பூரில் தனி அறை, வாரச் சம்பளம், யாரும் கவனிக்காத இரவுகள். ஆகவே முதலில் மருந்து இங்கே நிலைப்படட்டும். அதற்கப்புறம் அங்கே எந்த மையத்தில் தொடர்வது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போகட்டும்.

வீட்டில் உடனே மாற்றக்கூடியவை சில. அம்மாவின் டாக்டரிடம் இன்சுலின் பேனாவுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் ஊசிகள் உங்கள் வீட்டில் இருக்கட்டும், வேளாவேளைக்கு நீங்களோ பக்கத்து வீட்டு அக்காவோ போடலாம். மருந்துக் கடைக்கு அவன் போகவே வேண்டாம், அவனுடைய மாத்திரைக்குக்கூட. சம்பளத்தை அவன் சம்மதத்தோடு உங்கள் கணக்குக்கு வரச் செய்து, தினச் செலவுக்கு மட்டும் கொடுங்கள். சாயங்காலம் ஆறரை முதல் எட்டரை வரை அவன் தனியாக இருக்காதபடி ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும், அது என்ன என்பதை அவனே சொல்லட்டும். இழுப்பு வந்தால் அது ஏறி, உச்சம் போய், பெரும்பாலும் அரைமணிநேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்துக்கு அவன் உங்களுக்குப் போன் செய்யலாம், நீங்களும் அறிவுரை எதுவும் சொல்லாமல் பேசிக்கொண்டே இருக்கலாம். ராத்திரி சட்டைப்பையைத் தடவுவதை அம்மா நிறுத்த வேண்டும். சந்தேகம் இருந்தால் மையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். அதற்கு அவன் சம்மதித்துவிட்டால் வீட்டில் தினசரி விசாரணை தேவைப்படாது.

ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டும் இலவசம். நீங்களும் கூப்பிடலாம், நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை.

கல்யாணத்தைப் பற்றி: பெண் பார்ப்பதை நிறுத்துங்கள். அவன் சறுக்கிய இந்தக் காலத்திலேயே அவன் மேல் கடன், சீர், புது உறவு என்று இன்னொரு சுமையை ஏற்றுகிறீர்கள். வரும் பெண்ணுக்கு ஒன்றும் சொல்லாமல் செய்துவைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். அவளும் ஒரு வீட்டின் மகள், உங்களுக்கும் பெண் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையில் ஒரு வருடம் போகட்டும். அதற்கப்புறம் அவனுக்கே விருப்பம் இருந்தால், பெண்ணிடம் எல்லாவற்றையும் அவன் வாயால் சொல்லட்டும். அவள் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தரகரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், மையத்துக்குத் திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, அவனுடைய ஆதார் மூன்றையும் எடுத்துப் போங்கள்.